புதுப்பித்த பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு விலை சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு மதிப்புச் சான்று எழுதித் தரும் மதிப்பீட்டாளர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தரும் ஒரு பக்கத்தை நம்பி மூன்று தரப்பு பணத்தை நகர்த்துகிறது. விற்பவர் அதைக் காட்டித்தான் விலை சொல்கிறார். வாங்குபவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் சேமிப்பை உடைக்கிறார். காப்பீட்டு நிறுவனம் அதை வைத்துத்தான் பிரீமியம் போடுகிறது. அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது? வண்டியின் பெயர், ஆண்டு, நிறம், நான்கு படங்கள், 'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது, மிக நல்ல நிலை' என்று ஒரு வரி, அடியில் ஒரு தொகை. அந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்டால், 'அனுபவம்' என்று பதில் வருகிறது.

உங்கள் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. போனட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தே இது யார் கைவேலை என்று சொல்லக்கூடியவர்கள் உங்களில் இருக்கிறார்கள். என் குறை வேறு. நீங்கள் பார்த்ததும் பார்க்காததும் ஒரே தொகைக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன. பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்து சொன்ன விலைக்கும், பெயின்டை மட்டும் பார்த்துச் சொன்ன விலைக்கும் உங்கள் சான்றில் வித்தியாசமே தெரிவதில்லை. அதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் சின்ன விஷயம் ஒன்றை முடித்துவிடுகிறேன். காப்பீட்டுக்கு எழுதும் மதிப்பு வேறு, சந்தை விலை வேறு. காப்பீட்டுக்கு எழுதும்போது, வண்டி எரிந்தோ திருடுபோயோ விட்டால் அதே தரத்தில் இன்னொன்றைத் தேடிப்பிடிக்க எவ்வளவு ஆகும் என்று பார்க்கிறீர்கள். தேடுகிற நேரம், கொண்டுவருகிற செலவு எல்லாம் சேர்ந்து தொகை தாராளமாகவே நிற்கும். அது நியாயம்தான். ஆனால் அதே காகிதம் ஆறு மாதம் கழித்து விற்பனை மேசைக்கு வருகிறது. 'மதிப்பீட்டாளரே இவ்வளவு என்று எழுதியிருக்கிறார், நான் அதைவிடக் குறைத்துத்தான் கேட்கிறேன்' என்கிறார் விற்பவர். காப்பீட்டுக்கு என்று எழுதியது சான்றின் கடைசி வரியில் எறும்பெழுத்தில் இருக்கும். எந்தக் காரியத்துக்கு எழுதிய மதிப்பு என்பதைத் தொகைக்குப் பக்கத்திலேயே, தொகை அளவு எழுத்தில் போடுங்கள். இதற்கு உங்களுக்குக் காசும் செலவில்லை, நேரமும் செலவில்லை.

சரி, இனி பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

புதுப்பித்த வண்டியோடு ஒரு தடித்த கோப்பு வரும். அதில் பில்கள். விற்பவர் அதைத் தூக்கி மேசைமேல் வைப்பதிலேயே பாதிப் பேரம் முடிந்துவிடுகிறது. 'இதற்கு நான் கொட்டிய பணத்தைப் பாருங்கள், அதில் பாதிதான் கேட்கிறேன்.' அந்த மனிதரின் வலி எனக்குப் புரிகிறது. ஒரு காரை ஆணி ஆணியாகக் கழற்றி, தகடு வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து, மறுபடி பூட்ட 1000 மணிநேர வேலை என்பது சர்வசாதாரணம். அதைத் தாண்டிப் போகும் வண்டிகளும் நிறைய. ஆனால் வேலை நேரம் எந்தப் பேட்ஜுக்குக் கீழே நடந்தது என்று சந்தை பார்க்கும். எம்ஜிபி, டிரயம்ப் டிஆர்6 மாதிரி ஏராளமாகச் செய்த வண்டிகளில், நல்ல பட்டறையில் முழுசாகப் புதுப்பிக்கும் செலவு பெரும்பாலும் அந்த வண்டியின் விற்பனை விலையைத் தாண்டிவிடும். 1954 முதல் 1957 வரை 1400 மட்டுமே செய்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் இறக்கைக் கதவு காரில் அதே வேலையைச் செய்தால் விலை அதை விழுங்கி ஏப்பம் விடும். வெல்டிங் பிடித்த கை ஒன்றுதான், கம்பியும் ஒன்றுதான். ஆகவே செலவுக் கணக்கைக் காட்டி விலை கேட்பவரிடம் 'அது உங்கள் செலவு, இது வண்டியின் மதிப்பு' என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள். பல சான்றுகளில் நீங்களே 'இவ்வளவு தொகை செலவிடப்பட்டுள்ளது' என்று ஒரு வரி சேர்த்து, அவர் வாதத்துக்கு முத்திரை குத்திவிடுகிறீர்கள்.

பில்களைக் கூட்டாதீர்கள், படியுங்கள். அவை சொல்கிற கதையே வேறு. ஒரு கோப்பில் தோல் இருக்கைக்கும் குரோம் பூச்சுக்கும் பக்கம் பக்கமாகச் செலவு இருக்கும். தகடு வேலை என்று தேடினால் ஒற்றை வரிதான் இருக்கும். அந்த வண்டி கண்ணுக்காகப் புதுப்பிக்கப்பட்டது. இன்னொன்றில் இருக்கைத் துணி பழசு, கடிகாரம் ஓடவில்லை, ஆனால் தரைத்தகடு, சில் (கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பெட்டி), உள் தடுப்பு என்று உறுப்புறுப்பாக உதிரிபாக எண்ணோடு ரசீது இருக்கும். இரண்டாவது வண்டிக்குத்தான் நான் கூடுதல் விலை தருவேன். இருக்கைத் தையல் வேலையை எந்த மாதத்தில் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

பெயின்டுக்கு அடியில் இருப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நியாய விலை என்ற பேச்சின் முக்கால் பங்கு அங்கேதான் கிடக்கிறது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பலவற்றுக்குத் தனிச் சேசிஸ், அதாவது உடம்பைத் தாங்கும் தனி அடிச்சட்டம், கிடையாது. உடம்பே எலும்பு. கூரை இல்லாத காரில் அந்த எலும்பின் பாரம் முழுக்கக் கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பெட்டியின் மேல் விழுகிறது. வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு, பல வண்டிகளில் நடுவில் இன்னொன்று. வெளித்தகட்டை மட்டும் மாற்றிப் பெயின்ட் அடித்தால் பார்க்கக் கண்ணாடி போல இருக்கும். உள்ளே நடுத்தகடு சருகாக உதிர்ந்து கிடக்கும். இதைவிட மோசம், உடம்புக்கு முட்டுக் கொடுக்காமல் பழைய சில்லை வெட்டி எடுத்துவிட்டு, தொய்ந்த நிலையிலேயே புதியதை ஒட்டிவிடுவது. அப்புறம் அந்த உடம்பை யாராலும் நேராக்க முடியாது. மறுபடி எல்லாவற்றையும் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஒருமுறை நான் பார்க்கப் போன வண்டி, இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். மதிப்புச் சான்று இருந்தது, 'மிக நல்ல நிலை' என்ற வரியும் இருந்தது. பெயின்ட் வேலை உண்மையிலேயே அழகு. கதவு இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருந்தது. சரி என்று பின்பக்கம் ஜாக்கி வைத்துச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும் வரை தூக்கச் சொன்னேன். கதவைத் திறந்தேன், திறந்தது. மூடப் போனால் மூடவில்லை. பூட்டின் நாக்கு அதன் கொண்டிக்கு ஒரு விரல் அகலம் கீழே நின்றது. 'ரப்பர் புதுசு, அப்படித்தான் இருக்கும்' என்றார் விற்பவர். ரப்பர் புதுசுதான். ஜாக்கியை இறக்கியதும் கதவு சமர்த்தாக மூடிக்கொண்டது. அந்த வண்டி நடுவில் மடங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்குத் தேவைப்பட்டது ஒரு ஜாக்கியும் ஐந்து நிமிடமும். சான்று எழுதியவருக்கு அந்த ஐந்து நிமிடம் கிடைக்கவில்லையா, ஜாக்கி கிடைக்கவில்லையா என்று நான் இன்றுவரை யோசிப்பதுண்டு.

வண்டிக்கு வண்டி இந்த இடம் மாறும். ஜாகுவார் இ-டைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்குவது சதுரக் குழாய்களால் ஆன ஒரு சட்டம். அதை உடம்பின் முன் தடுப்பில் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் பளபளக்கும். துருப்பிடித்த குழாயை ஒட்டுப்போட்டுச் சரிசெய்வது சரியான வேலை ஆகாது, சட்டத்தையே மாற்ற வேண்டும். லோட்டஸ் எலானில் உடம்பு கண்ணாடி இழை, துருவே பிடிக்காது. ஆனால் உள்ளே முதுகெலும்பு போல ஓடும் எஃகுச் சட்டம் பிடிக்கும். எலானுக்குத் துத்தநாகம் தோய்த்த மாற்றுச் சட்டம் போட்டிருந்தால் ஓட்டுகிறவனுக்கு அது வரம். போர்ஷே 911 உடம்பு முழுக்கத் துத்தநாகப் பூச்சுத் தகடாக மாறியது 1976ஆம் ஆண்டு மாடலிலிருந்து. அதற்கு முந்தைய வண்டியைப் பார்க்கும் கண்ணோடு பிந்தையதைப் பார்க்கக் கூடாது, விலையும் சொல்லக் கூடாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்ததைச் சான்றில் எழுதுவதில்லை என்பதுதான் என் புகார்.

பெயின்ட் கனத்தை அளக்கும் கருவி இப்போது எல்லோர் பையிலும் இருக்கிறது. நல்லது. ஆனால் அந்த எண்களை அப்படியே தூக்கிப் போட்டும் பயமுறுத்துகிறார்கள். மறுபடி பெயின்ட் அடித்த வண்டியில் 200, 300 மைக்ரான் வருவது இயல்பு. ஒரு மில்லிமீட்டரை, அதாவது 1000 மைக்ரானைத் தாண்டினால் அங்கே பள்ளத்தை நிரப்பும் பட்டி இருக்கிறது என்று கொள்ளலாம். அதிலும் ஒரு நெளிவு உண்டு: அந்தக் காலத்தில் தகடு இணைப்புகளைத் தொழிற்சாலையிலேயே ஈயம் வைத்து இழைத்தார்கள். எஃகுக்கு மேலிருக்கும் ஈயத்தையும் பட்டியையும் அந்தக் கருவியால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் கனமாகவே காட்டும். இணைப்பின் மேல் கனமாகக் காட்டினால் குற்றமில்லை, கதவின் நட்டநடுவில் காட்டினால் கேள்வி கேட்க வேண்டும். எந்த இடத்தில் எவ்வளவு என்று வண்டியின் கோட்டுப்படத்தில் குறித்துக் கொடுங்கள். 'அளக்கப்பட்டது, திருப்தி' என்று எழுதினால் யாருக்கும் பிரயோசனமில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு: வெறும் தகடாக நின்றபோது எடுத்த படங்கள். பெயின்டை உரித்து, துருவை வெட்டி, புதுத் தகடு ஒட்டும் கட்டத்தில் எடுத்தவை. ஒழுங்கான பட்டறை அவற்றைக் கட்டாயம் எடுக்கும். படத்தில் இருக்கும் வண்டி இந்த வண்டிதான் என்று தெரிய ஒரு எண் தகடோ, ஒரு பழைய தழும்போ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரோ வீட்டுக் கல்யாண ஆல்பத்தை நமக்குக் காட்டுகிறார்கள் என்றுதான் அர்த்தம். படங்கள் இல்லாத வண்டி மோசமான வண்டி என்று நான் சொல்லவில்லை. ஆனால் படங்கள் உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் ஒரே விலை எழுதுவது, ஆவணம் உள்ள மனைக்கும் வாய்ச்சொல்லுக்கும் ஒரே விலை எழுதுவது மாதிரி. சாட்சி இல்லாததற்கு எவ்வளவு கழித்தீர்கள் என்று சான்றில் காட்டுங்கள். கழிக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

அடுத்து, இந்த வண்டி யார் என்ற கேள்வி. நிலைமை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆள் மாறிப்போனால் விலையும் மாறிப்போகும்.

1973ஆம் ஆண்டின் போர்ஷே 911 காரெரா ஆர்எஸ் 2.7 மொத்தம் 1580தான் செய்யப்பட்டது. அதே காலத்துச் சாதாரண 911இல் வாத்துவால் போன்ற பின்பக்கத்தையும் அகலமான சக்கர வளைவுகளையும் ஓரத்தில் எழுத்துப் பட்டையையும் ஒட்டினால் பார்க்க அச்சு அசலாக அதுவே. ஓட்டவும் சுகமாக இருக்கும். அப்படிச் செய்து, அப்படியே சொல்லி விற்பவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. சொல்லாமல் விற்கும்போது சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும்தான் காட்டிக்கொடுக்கும். அந்த எண்களையும் திரும்பக் குத்துகிறார்கள். பழைய கார்வெட்டில் இன்ஜின் பிளாக்கின் முன்பக்கத்தில் எண் குத்தும் சிறு மேடை இருக்கும். தொழிற்சாலையில் அதைச் சீவிய எந்திரத்தின் கோடுகள் அதில் மெல்லிசாக ஓடும். எண் இருக்கிறது, கோடுகள் இல்லை என்றால் யாரோ தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. 'எண்கள் பொருந்துகின்றன' என்று எழுதும்போது எந்த எண், எதோடு பொருந்துகிறது என்று சொல்லுங்கள். இ-டைப்பில் சேசிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ், உடம்பு என்று நான்கு எண்கள். தயாரிப்பு ஆவணத்திலிருந்து பெறும் மரபுச் சான்றிதழில் நான்கும் இருக்கும், முதல் நிறமும் உள்நிறமும்கூட. அதோடு ஒப்பிட்டீர்களா, அல்லது வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டையும் பதிவுப் புத்தகத்தையும் ஒப்பிட்டீர்களா? இரண்டாவதைத்தான் பெரும்பாலும் செய்கிறீர்கள். தகடு என்பது நான்கு ரிவெட் சமாச்சாரம்.

இதில் மேலும் சிக்கலான இடமும் உண்டு. 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மான் பந்தயத்தை வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் ஒன்று, 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர். பந்தயங்களுக்காக அதன் உறுப்புகள் மாறிக்கொண்டே வந்தன. 1932இல் விபத்துக்குள்ளாகி மறுபடி வேறு உடம்போடு கட்டப்பட்டது. பின்னாளில் அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டவர்கள், 'இது அந்த வண்டியே அல்ல' என்று பின்வாங்கினார்கள். வழக்கு 1990இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் நடந்தது. 1929இல் வென்றபோது இருந்த உறுப்புகளில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன என்பதை நீதிபதி ஏற்றார்; ஆனாலும் வண்டியின் வரலாறு அறுபடாமல் ஓடிவந்திருக்கிறது, ஆகவே இது அதே வண்டிதான் என்று தீர்ப்புச் சொன்னார். விற்றவர் வென்றார். அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டுப் பார்த்தால், அறுபடாத வரலாற்றுக்கு ஆவணம் இல்லாத வண்டிக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும். மூன்று உரிமையாளர் பற்றிய காகிதம் இருக்கிறது, நடுவில் பதினைந்து வருடம் இருட்டு என்றால், அந்த இருட்டுக்கும் விலையில் ஒரு கணக்கு வேண்டும்.

சாதாரண வண்டிகளிலும் இதே கேள்வி வேறு உருவில் வருகிறது. எம்ஜிபிக்கு 1988 முதல் பழைய அச்சுகளிலேயே புத்தம்புது உடம்பு செய்து விற்கிறார்கள். பழைய வண்டியின் இன்ஜின், சஸ்பென்ஷன், எண் எல்லாவற்றையும் அதில் மாற்றிப் பூட்டினால் தினமும் ஓட்ட அதைவிட நல்ல எம்ஜிபி கிடையாது. என் சொந்தக் கருத்து, ஒட்டுமேல் ஒட்டாக நிற்கும் பழைய உடம்பைவிட அதற்குத் தாராளமாக விலை தரலாம். முதல் உடம்பே துருவில்லாமல் தப்பிப் பிழைத்த வண்டிக்கு அதற்கும் மேல் தரலாம். இதற்கு மாறாக நினைப்பவர்களும் இருப்பார்கள், இருக்கட்டும். ஆனால் உடம்பு புதிது என்ற தகவலே சான்றில் இல்லையென்றால் நாங்கள் எதைவைத்துக் கருத்துச் சொல்வது?

அசலா, புதுப்பித்ததா என்ற வாக்குவாதத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 2024இல் அமெரிக்காவின் பெபிள் பீச் பழைய கார் அழகுப் போட்டியில் ஒட்டுமொத்த முதல் பரிசு 1934ஆம் ஆண்டின் புகாட்டி டைப் 59 ஒன்றுக்குப் போனது. புதுப்பிக்காமல் அப்படியே காத்துவந்த வண்டி அந்தப் பரிசை வாங்கியது அதுவே முதல்முறை. இதை வைத்துக்கொண்டு புதுப்பித்த எல்லா வண்டியையும் மட்டம் தட்டத் தேவையில்லை. நொறுங்கிப்போன வண்டியைப் புதுப்பிக்காமல் வேறென்ன செய்வது? ஆனால் நல்ல நிலையில் இருந்த அசல் உள்வேலைப்பாட்டைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புதுத்தோல் போட்டிருந்தால், அதை 'கூடுதல் மதிப்பு' என்று எழுதாதீர்கள். பழைய வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம் செய்த வேலையை எல்லாம் பதிவுசெய்து வைக்கச் சொல்கிறது. அந்தப் பதிவு இருக்கிறதா என்று ஒரு வரி கேட்டுப் பாருங்கள், போதும்.

மாற்றங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து கியர் பெட்டி, எலக்ட்ரானிக் இக்னிஷன், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், அலுமினிய ரேடியேட்டர் இவையெல்லாம் ஓட்டுகிறவனுக்கு நல்லவை. கழற்றிய பழைய உறுப்புகள் பெட்டியில் பத்திரமாக இருந்தால் விலை குறையாது. தூக்கி எறிந்திருந்தால் குறையும். தகட்டை வெட்டிச் செய்த மாற்றம் திரும்பாது, அதற்குத் தனியாகக் கழிக்க வேண்டும்.

'புதுப்பிக்கப்பட்டது' என்ற சொல்லுக்குக் காலாவதித் தேதி உண்டு என்பதையும் நீங்கள் சான்றில் ஏற்பதில்லை. எந்த ஆண்டு? அதன்பின் எவ்வளவு தூரம் ஓடியது? இரண்டு கேள்விக்கும் விடை டயரின் ஓரத்தில் கிடக்கும். 2000க்குப் பின் வந்த டயர்களில் நான்கு இலக்கம் இருக்கும். 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயர் அந்த வயதில் இருந்து, பூவேலையும் மீசை ரப்பரும் கலையாமல் இருந்தால், வண்டி ஷெட்டில் படுத்தே காலம் கழித்திருக்கிறது. பிரேக் சிலிண்டர் ரப்பர், பெட்ரோல் குழாய், ஆயில் சீல் எல்லாம் ஓடாமலே கெடும் சாமான்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இன்னும் சீக்கிரம் அரிக்கும். எனக்கென்னவோ, புதுப்பித்து ஐந்தாயிரம் கிலோமீட்டர் ஓடி, எண்ணெய் ஒழுகியதை அடைத்து, சூடேறியதைச் சரிசெய்து, வால்வு இடைவெளி திரும்பப் பார்த்து, போல்ட்டுகளை மறுபடி முறுக்கி வந்த வண்டிதான் முழு விலைக்கு உரியது. சைபர் கிலோமீட்டர் வண்டியின் வேலை முடியவில்லை. மிச்ச வேலையை வாங்குகிறவன் தலையில் கட்டுகிறார்கள். நீங்களோ சைபரைப் பார்த்ததும் விலையை ஏற்றுகிறீர்கள்.

ஒப்பீட்டு விலைகளுக்கு வருவோம். சான்றில் 'இதேபோன்ற வண்டிகள் இந்த விலைக்குப் போகின்றன' என்று எழுதுகிறீர்கள். போகின்றனவா, கேட்கப்படுகின்றனவா? யார் வேண்டுமானாலும் யானை விலை குதிரை விலை சொல்லலாம். அந்த விலையோடு வண்டி ஒரு வருடமாக விளம்பரத்திலேயே நிற்கும். ஏல விலையிலும் சுத்தி விழுந்த தொகை ஒன்று, வாங்கியவர் ஏல நிறுவனத்துக்குக் கூடுதலாகக் கட்டிய 10, 15 சதவீதத்தையும் சேர்த்த தொகை இன்னொன்று. ஒரு வண்டிக்கு முதலாவதையும் இன்னொன்றுக்கு இரண்டாவதையும் எடுத்து வைத்தால் கணக்கு எப்படி உருப்படும்? குறைந்தபட்ச விலையைத் தொடாமல் திரும்பிப்போன வண்டிகளையும் சேர்த்துப் பாருங்கள்; சந்தை எதை மறுத்தது என்பதும் தகவல்தான். 2022இல் ஒரு மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் 13.5 கோடி யூரோவுக்கு விற்றது என்பதற்காகப் பக்கத்து ஷெட்டில் நிற்கும் இருநூற்றுச் சொச்சம் குதிரைசக்தி மெர்சிடிஸின் விலை ஏறிவிடாது. ஆனால் அந்தச் செய்தி வந்த வாரம் விலைப்பட்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எல்லோருக்கும் கொஞ்சம் காய்ச்சல் அடிக்கும்.

ஒரே பெயரில் வரும் வண்டிகளையும் ஒரே கூடையில் போடாதீர்கள். 1961இல் வந்த 3.8 லிட்டர் இ-டைப், 1964 முதல் வந்த 4.2, 1966இல் சேர்ந்த நான்கு இருக்கை உடம்பு, 1971இல் வந்த வி12 என நான்குக்கும் நான்கு சந்தை. திறந்த கூரைக்கும் மூடிய கூரைக்கும் இடையே மறுபடி ஒரு இடைவெளி. போனட் பூட்டு வெளிப்புறம் இருக்கும் முதல் 500 வண்டிகளுக்கு ஆசைப்படுகிற கூட்டம் தனி. நான்கு இருக்கை வண்டிக்குத் திறந்த காரின் ஏல விலையை மேற்கோள் காட்டிய சான்றை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். தட்டச்சு சுத்தமாக இருந்தது.

உங்கள் கட்டணத்தைப் பற்றியும் சொல்லாமல் விடக்கூடாது. மதிப்பின் சதவீதமாகக் கட்டணம் வாங்குகிறவர் உங்களில் யாராவது இருந்தால், தயவுசெய்து நிறுத்துங்கள். தொகை ஏறினால் கூலி ஏறும் என்ற ஏற்பாட்டில் எந்த மனிதனின் கையும் நேராக எழுதாது. வண்டியைப் பார்க்காமல் படங்களை மட்டும் வைத்து எழுதும் சான்றுகளுக்கும் ஓர் இடம் உண்டு, சரி, ஆனால் 'படங்களின் அடிப்படையில்' என்பது தலைப்பிலேயே வர வேண்டும். அப்புறம் விற்பவரோ பட்டறைக்காரரோ உங்கள் நண்பர் என்றால் அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். இந்த உலகம் சிறியது, எல்லோரும் எல்லோருக்கும் நண்பர்தான், எழுதுவதில் வெட்கமில்லை.

நான் கேட்பது புதிய சட்டமோ புதிய வாரியமோ இல்லை. உங்கள் படிவத்தில் கூடுதலாக இரண்டு கட்டம். ஒன்றில், இந்தத் தொகைக்கு நீங்கள் சாட்சியாக எடுத்துக்கொண்டவை: எந்தப் படங்கள், எந்த எண்கள், எங்கெங்கே அளந்தது, எந்த விற்பனைகளோடு ஒப்பிட்டது. இன்னொன்றில், பார்க்காதவை: ஜாக்கியில் ஏற்றவில்லை, ஓட்டிப் பார்க்கவில்லை, கம்ப்ரஷன் சோதிக்கவில்லை, கார்பெட்டைத் தூக்கவில்லை, தயாரிப்பு ஆவணத்தோடு ஒப்பிடவில்லை. இரண்டாவது கட்டம் நீளமாக இருந்தால் தொகையை ஒற்றை எண்ணாக எழுதாமல் இதிலிருந்து இது வரை என்று எழுதுங்கள். எவ்வளவு தெரியாதோ அவ்வளவு அகலமாக இருக்கட்டும். விற்பவருக்குப் பிடிக்காது. அகலத்தைக் குறைக்க வேண்டுமென்றால் அவரே ஜாக்கியை எடுத்துக்கொண்டு வருவார், பழைய படங்களைத் தேடி எடுப்பார்.

இரண்டாவது கட்டம் இல்லாத சான்றை விலை பேசும் இடத்தில் இனி நான் கணக்கில் எடுப்பதில்லை. வண்டி பார்க்க என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறவர்களிடமும் அதையே சொல்லி வருகிறேன். உங்களில் யாராவது இந்தப் படிவத்தை மாற்றி எழுதத் தொடங்கினால் சொல்லுங்கள், எந்த வண்டிக்கு எந்த இடத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்ற பட்டியலைத் தயாரிக்க என்னால் ஆனதைச் செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சான்றைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கும் ஒருவன்